மருமகனின் தொழில் திட்டம்

சேரன்மகாதேவி

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறையப் போகிறது. பிசான நடவு முடிந்துவிட்டது. அம்மாவின் மூட்டுவலி தேவலை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

உன் மருமகன் வயது வந்தோருக்கான இணையதளம் தொடங்கப் போகிறானாம், உன் அக்கா அழுகிறாளாம், நீயோ “அதில் காசு இருக்கிறதா?” என்று என்னைக் கேட்கிறாய். நல்ல தாய்மாமன்! பெங்களூரில் வெளிநாட்டுத் தளங்களுக்கு விளம்பர வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

காசு இருக்கிறது. பையன் தேடுகிற இடத்தில் இல்லை. கூட்டம் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறான். இலவசமாகவே மலைமலையாகக் கிடைக்கும்போது எவன் பணம் கொடுப்பான்? தன் குறிப்பிட்ட விருப்பத்துக்கு வேறெங்கும் சரியாகக் கிடைக்காதவன்தான் சந்தா கட்டுவான். முதல் மாதம் கட்டுவது பெரிதல்ல. மூன்றாம் மாதமும் கட்டவேண்டும். அதற்கு வாரம் தவறாமல் புதிதாக ஏதாவது வந்தாக வேண்டும். கூகுளும் ஃபேஸ்புக்கும் இத்தகைய விளம்பரங்களை ஏற்பதில்லை. அதனால் சந்தா கட்டக்கூடியவன் என்ன சொற்களைத் தட்டித் தேடுவான் என்று கண்டுபிடித்து, அங்கே முதல் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். ஆள் அனுப்பிவைக்கிற பிற தளங்களுக்குச் சந்தாவில் பங்கு கொடுக்கவேண்டும்.

பெரிய தலைவலி, பணத்தை வாங்குவதில் இருக்கிறது. மாதக் கடைசியில் கார்டு பில்லை மனைவி பார்த்துவிடுவாள். “இது நான் செலவழித்ததே இல்லை, எவனோ என் கார்டைத் திருடியிருக்கிறான்” என்று கணவன் வங்கியில் புகார் கொடுப்பான். பணம் அவனுக்குத் திரும்பிப் போகும். அபராதம் தளத்தின் தலையில் விழும். பில்லில் ஒன்றும் விளங்காத பெயராகப் போடுவதன் காரணம் இதுதான். புகார்கள் கூடினால் கணக்கையே மூடிவிடுவார்கள். பெரிய முதலைகளும் தப்பவில்லை. 2020 டிசம்பரில் போர்ன்ஹப்பில் தங்கள் கார்டுகள் செல்லாது என்று விசாவும் மாஸ்டர்கார்டும் அறிவித்தன. சிறார் காட்சிகளும் சம்மதமில்லாமல் எடுத்த காட்சிகளும் அதில் கிடந்ததாக எழுந்த புகார்தான் காரணம். 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸ் என்ற சந்தாத் தளம், வங்கிகளின் நெருக்கடியைச் சொல்லி அப்பட்டமான காட்சிகளை நிறுத்தப் போவதாக அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் இவனை எந்த வங்கி சீந்தும்?

இதையெல்லாம் சமாளித்தாலும் நம் நாட்டுச் சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின்படி, பாலுறவுக் காட்சிகளை இணையத்தில் வெளியிட்டால் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சர்வர் ஆம்ஸ்டர்டாமில் இருக்கலாம். அதை இயக்குகிறவன் வீட்டுக்குத்தானே போலீஸ் வரும்?

பையன் கெட்டிக்காரன். குறுகிய சந்தை வேண்டுமென்றால் பத்தமடையில் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் கோரையை ஊறப்போட்டு, பெண் மாப்பிள்ளை பெயரோடு கல்யாணப் பட்டுப்பாய் நெய்து தருகிறார்கள். தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வாங்கியே தீர்வார்கள். அதுவும் வயது வந்தோருக்கான சரக்குதான். மனைவி பில்லைப் பார்த்தாலும் சண்டை வராது.

பொங்கலுக்கு வரும்போது அவனையும் அழைத்து வா, நெய்கிறவர்கள் வீட்டுக்கே கூட்டிப் போகிறேன். அக்காவிடம் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டாதே. 67ஏ வரும் பத்தியை மட்டும் மருமகனிடம் இரண்டு முறை படி.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்