வார்சா விழாவுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியருக்கு,

நவீன இசைக்கான சர்வதேச விழாக்கள் பற்றிய கட்டுரையில் 'வார்சா இலையுதிர்கால' விழாவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1956-ல், போலந்தின் தலைநகர் வார்சாவில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், பேர்ட், செரோட்ஸ்கி என்ற இரு இளம் இசையமைப்பாளர்கள் முன்னின்று தொடங்கிய விழா அது. மேற்கத்தியப் புது இசை கம்யூனிஸ்ட் நாடுகளுக்குள் நுழைய அன்று அதுவே முக்கிய வழி. 1982-ல் ராணுவச் சட்டத்தால் நடக்கவில்லை.

இந்தப் புது இசை வெறும் இரைச்சல் என்று கட்டுரையாளர் சலித்துக்கொள்கிறார். சரி, போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய படைப்பில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) அப்பாலும் வில்லை இழுப்பார்கள், வாத்தியத்தின் உடலைத் தட்டுவார்கள். பல் கூசத்தான் செய்யும். மெட்டைத் தேடாமல் கேளுங்கள். அத்தனை தந்திகளும் ஒரே உறுமலாகத் திரண்டு, மெல்லக் கலைவது புரியும். அடுத்த முறை, எதை முதலில் கேட்கலாம் என்றும் நாலு வரி போடுங்கள்.

– ஓர் இசை ரசிகர்