ஒப்பாரிக்குள் ஓர் உறுமல்

ஹட்டன்

அன்பு நண்பா,

உன் கடிதமும் ஒலிப்பதிவும் கிடைத்தன. உன் மகள் பேராதனைக்குத் தெரிவாகிவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தோட்டத்து லயக் குடியிருப்புப் பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது, பெருமை தாங்கவில்லை. இங்கே மழை விட்டபாடில்லை.

பாட்டியின் ஒப்பாரியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ எழுதிய அந்த மின்சார உறுமல் அவர் மூச்செடுக்கும் இடைவெளிகளில்தான் தலைதூக்குகிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். முழு அலையாகச் சீராக்கி நேர்மின்னோட்டமாக மாற்றிய பின், அதில் மிஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹேர்ட்ஸ் அலைவாகிறது. அதன் மடங்குகளான 200, 300 எல்லாம் குரலுக்குள்ளேயே கிடக்கின்றன. பிறகு கணினியில் வெட்டியெடுத்தால் குரலின் கனமும் சேர்ந்து போய்விடும். ஆகவே உன் ஒலி மிக்சருக்கு மின்சாரம் கொடுக்கும் மின்வழங்கிப் பெட்டியிலேயே அதை அடக்கியாக வேண்டும்.

அதில் இருக்கும் ஒன்றோடு இன்னும் இரண்டு 4700 மைக்ரோபரட் கொள்ளளவிகளை (கப்பாசிட்டர்) சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அரை அம்பியர் இழுக்கும் உன் மிக்சருக்கு இப்போது 1 வோல்ட் அளவில் அலைவு இருக்கும். மூன்று கொள்ளளவி போட்டாலும் அது மூன்றிலொன்றாகக் குறையும், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக ஒரு டிப் 122 (TIP122) ட்ரான்சிஸ்டர் வாங்கு. இரண்டு ட்ரான்சிஸ்டர்களை ஒன்றாக அடுக்கிய டார்லிங்டன் வகை, விலையும் குறைவு. அதன் மூன்று கால்களில் கலெக்டரைப் பெட்டியின் 15 வோல்ட் பக்கம் இணை; எமிட்டரிலிருந்து மிக்சருக்கு எடு; பேஸ்தான் கட்டுப்படுத்தும் கால். கலெக்டரிலிருந்து பேஸுக்கு 1 கிலோ ஓம் தடை, பேஸிலிருந்து பூமிக்கு (சுற்றின் பொது மறை முனைக்கு) 470 மைக்ரோபரட் கொள்ளளவி. சுமைக்கான மின்னோட்டம் ட்ரான்சிஸ்டர் வழியே போய்விடுவதால் பேஸுக்கு அரை மில்லி அம்பியர் போதும். அதனால்தான் இவ்வளவு பெரிய தடையைப் போட முடிகிறது. பேஸில் அலைவு கணக்குப்படி ஏறக்குறைய 300-ல் ஒரு பங்காகிவிடும். எமிட்டர் அந்த அமைதியைப் பின்பற்றும். அந்த 470, ஆயிரம் மடங்கு பெருகி அரை பரட்போல வேலை செய்கிறது! எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுக்காத அழகு.

பேஸிலிருந்து பூமிக்கு ஒரு 10 கிலோ ஓமும் போட மறக்காதே. அலைவின் பள்ளம் எமிட்டர் அழுத்தத்தை நெருங்கினால் ட்ரான்சிஸ்டர் நிரம்பிப்போய், அதாவது முழுதாகத் திறந்துகொண்டு, உறுமலைக் கடத்திவிடும். இந்தத் தடைதான் பேஸைச் சற்றுத் தாழ்த்தி, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் உள்ள அழுத்த இடைவெளியைக் காக்கிறது. வெளியே கிட்டத்தட்ட 12 வோல்ட் கிடைக்கும். ஒன்றரை வாட் சூடாகும், அலுமினியத் தகட்டில் திருகிவிடு. 470-இன் கீழ்க்காலைச் சீராக்கியின் பக்கம் பூமியில் பற்றவைக்காதே. அங்கே துடிப்பு மின்னோட்டம் ஓடுகிறது. மிக்சரின் பக்கமே கொண்டுபோ.

இது அழுத்தத்தை நிலைப்படுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் உங்கள் பக்கம் மின்சாரம் தாழ்ந்தால் வெளியீடும் தாழும். பதிவைப் பகலில் வைத்துக்கொள்.

மாசியில் இங்கே காமன் கூத்து. அதன் தப்புப் பறையும் லாவணிப் பாட்டும் பதிவு செய்ய ஆசை. பெட்டியைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு வா. முன்பே ஒரு வரி எழுது, பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்