துவரை மூட்டையில் வந்த வெள்ளை மக்காச்சோளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் நிலவும் பசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வறட்சி, புயல், நிவாரண உணவு என்று பலவும் அதில் இருந்தன. அந்த ஊர்களின் பசிக்கும் நம் வீட்டுச் சாம்பாருக்கும் உள்ள சம்பந்தம் மட்டும் விடுபட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவன் நான். வெளியே எல்லாருக்கும் துவரை ஒன்றுதான். மில்லுக்குள் அதற்கு ஊருக்கு ஒரு பெயர். பர்மாவிலிருந்து வருவது லெமன். தான்சானியாவிலிருந்து மட்வாராவும் அருஷாவும். மொசாம்பிக்கிலிருந்து கஜ்ரி. மலாவியிலிருந்து வருவதை மலாவி என்றே சொல்வோம். நம் நாட்டில் விளைவது போதாமல் ஒவ்வொரு ஆண்டும் லட்சக்கணக்கான டன் துவரை இப்படிக் கப்பலில் வருகிறது. ஆப்பிரிக்கத் துவரை ஆகஸ்டு, செப்டம்பரில் வரத் தொடங்கும். நம் புதுத் துவரை சந்தைக்கு வர டிசம்பர் ஆகிவிடும். நடுவில் இருக்கும் அந்த மாதங்களைத் தாங்குவது பெரும்பாலும் அவர்கள் விளைச்சல்தான்.

பல வருடங்களுக்கு முன் தூத்துக்குடியிலிருந்து வந்த மலாவி லோடு ஒன்றைப் பிரித்துச் சலித்துக்கொண்டிருந்தார்கள். சலிக்கும் அக்கா ஒருவர் சல்லடையில் தங்கிய கல், குச்சி, காய்ந்த நெற்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையில் ஏழெட்டு மணிகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பல்லைப் போல வெளுத்த மக்காச்சோளம். நம் பக்கம் விளைவது மஞ்சள் நிற மணி. கோழித் தீவனத்துக்குப் போவது. "இது எப்படி சார் துவரைக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த நாட்டைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்துவருகிறேன்.

பதில் எளிமையானது. இரண்டும் ஒரே நிலத்தில் விளைந்தவை. மலாவியில் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் நிலம் பெரும்பாலும் இரண்டரை ஏக்கருக்கும் குறைவு. மழை ஆண்டுக்கு ஒரே பருவம்தான், நவம்பர் கடைசியில் தொடங்கும். அப்போது மக்காச்சோளத்தையும் துவரையையும் சேர்த்தே விதைக்கிறார்கள். துவரை முதல் சில மாதங்கள் மெதுவாகத்தான் வளரும். பக்கத்துப் பயிரோடு சண்டைக்குப் போகாது. ஏப்ரல் வாக்கில் மக்காச்சோளத்தை ஒடித்த பிறகுதான் அது தழைத்து நிமிரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காய் பறிக்கலாம். கரிசல் காட்டு ஊடுபயிர் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே சாப்பாடு என்றால் ந்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. மக்கள் உண்ணும் ஆற்றலில் பாதிக்கு மேல் இந்த ஒரு தானியத்திலிருந்தே வருகிறது. தொட்டுக்கொள்ள ஏதாவது கீரை, வசதிப்பட்டால் சிறுமீன். ஏப்ரலில் நிறைந்த குதிர் டிசம்பருக்குள் காலியாகிவிடும் வீடுகள் ஏராளம். ஜனவரி முதல் மார்ச் வரை பசி மாதங்கள். வயலில் பயிர் பச்சையாக நிற்கும், வீட்டில் மாவு இருக்காது. அந்த மாதங்களில்தான் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய், சொந்த வயலில் களை எடுக்க முடியாமல் போகிறது. அடுத்த வருடப் பசிக்கு வித்து அங்கேயே விழுந்துவிடுகிறது. 2015-16 கணக்கெடுப்பின்படி மலாவியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 37 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. (நம் நாட்டிலும் 2019-21 கணக்கெடுப்பில் 35.5 சதவீதம். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் உயரத்தில் நாம் இல்லை.)

2005-ல் மழை பொய்த்தபின் அந்த நாட்டு அரசு உர மானியத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. மக்காச்சோளம் கூடுதலாக விளைந்தது உண்மை. ஆனால் தட்டில் மக்காச்சோளம் மட்டும் கூடினால் பிள்ளை வளர்ந்துவிடாது என்பதை ஓர் ஆஸ்பத்திரி அதற்கு முன்பே உணர்ந்திருந்தது. வடக்கு மலாவியில் எக்வெண்டேனி என்ற ஊரில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரி அது. ஊட்டச்சத்துக் குறைவோடு வந்த குழந்தைகளைத் தேற்றி அனுப்பினால், கொஞ்ச நாளில் அதே குழந்தைகள் திரும்பி வந்தார்கள். மருந்தால் தீராது, மண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று எஸ்தர் லுபாஃபியா என்ற செவிலியரும், ரேச்சல் பெஸ்னர் கெர் என்ற ஆய்வாளரும், ஊர் விவசாயிகளும் சேர்ந்து 2000-ல் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். துவரையையும் நிலக்கடலையையும் சேர்த்து விதைப்பது, அறுவடைக்குப் பின் இலைதழையை எரிக்காமல் மண்ணிலேயே மடக்கி உழுவது, அடுத்த பருவம் அதே மண்ணில் மக்காச்சோளம் போடுவது. உரம் வாங்கக் காசில்லாதவருக்கு மண்ணே உரம் செய்துகொடுத்தது.

என்னை நெகிழ வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. கடலை விளைந்தும் சில வீடுகளில் குழந்தை தேறவில்லை. ஏன் என்று பார்த்தால், பெண்கள் விளைவித்ததை ஆண்கள் எடுத்து விற்றுவிட்டார்கள். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் ஆகுமுன்பே தண்ணீர்க் கஞ்சி ஊட்டும் வழக்கமும் இருந்தது. அதைத் தீர்மானிப்பவர் பாட்டி. தாய்க்கு மட்டும் பாடம் சொல்லிப் பயனில்லை என்று பாட்டிகளையும் ஆண்களையும் அழைத்து உட்காரவைத்தார்கள். ஊர் கூடிச் சமைக்கும் நாட்கள் நடந்தன. ஆண்கள் அடுப்படிக்கு வந்து துவரையிலும் கடலையிலும் குழந்தைக்கான கஞ்சி காய்ச்சப் பழகினார்கள். அதன் பின்தான் குழந்தைகளின் எடை கூடியதாகப் பதிவுகள் சொல்கின்றன. நம் வீடுகளிலும் பருப்பு நீர் யாருக்கு, அடிப்பருப்பு யாருக்கு என்று ஒரு கணக்கு இருந்தது நமக்கு நினைவிருக்கும்.

எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. மலாவியின் வடக்கிலும் நடுவிலும் மக்காச்சோளம் ஒடித்ததும் ஆடுகளை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். அந்தச் சமயத்தில் வயலில் பச்சையாக நிற்பது துவரை ஒன்றுதான். ஒருவர் மட்டும் துவரை போட்டால் ஊர் ஆடெல்லாம் அவர் வயலில்தான். அதனால் சிராட்சுலு, முலாஞ்சே, பலோம்பே போன்ற தென்மாவட்டங்களில்தான் துவரை நிலைத்திருக்கிறது. அங்கே அதன் பெயர் நந்தோலோ. பச்சைக் காயை அவித்துத் தின்பார்கள், உலர்ந்ததை விற்பார்கள், காய்ந்த தண்டான மாறு அடுப்பெரிக்க ஆகும். விறகுக்காகப் பெண்கள் நடக்கும் தூரம் அந்த மாறால் குறைகிறது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்து காணாமல் போனவர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதும் இந்தத் தென்மாவட்டங்களில்தான். அடுத்த ஆண்டே வறட்சி; 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தார்கள்.

இப்போது நம் பங்குக்கு வருகிறேன். 2015 அக்டோபரில் இங்கே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது எல்லா இல்லத்தரசிகளுக்கும் நினைவிருக்கும். அப்போது நம் அரசு ஆப்பிரிக்காவைப் பார்த்தது. 2016 ஜூலையில் மொசாம்பிக்கோடு ஓர் ஒப்பந்தம்: ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி இரண்டு லட்சம் டன் வரை வாங்குவோம் என்று. இந்தியா வாங்கும் என்ற செய்தி பரவ, மொசாம்பிக்-மலாவி எல்லையின் இரு பக்கமும் விதைத்தார்கள். அந்த ஆண்டு நமக்கும் மழை நன்றாகப் பெய்தது. முந்தின ஆண்டு 26 லட்சம் டன்னுக்கும் கீழே இருந்த துவரை விளைச்சல் 48 லட்சம் டன்னுக்கும் மேலாக உயர்ந்தது. அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். சந்தையில் அதற்கும் கீழே போனது. கர்நாடகத்தின் கல்புர்கி, மகாராஷ்டிராவின் லாத்தூர் விவசாயிகள் கண்ணீர் விட்டார்கள். அது பொய்யில்லை. 2017 ஆகஸ்டு 5-ஆம் தேதி, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் துவரை இறக்குமதி கூடாது என்று உத்தரவு வந்தது. அரசு ஒப்பந்தம் உள்ள நாட்டுக்கு விலக்கு உண்டு. மலாவிக்கு அப்போது ஒப்பந்தம் கிடையாது.

ஆகஸ்டு! அவர்கள் விதைத்தது முந்தின நவம்பரில். நாம் கதவைச் சாத்தியபோது காய் களத்தில் கிடந்தது. அந்த வாரம் எங்கள் மில்லின் மூன்று ஆர்டர்களை ரத்து செய்யும் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். அங்கிருந்து சரக்கு அனுப்பும் தரகர் தினமும் போன் செய்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: அடுத்த மாதமாவது திறப்பார்களா? முதலாளி போனை என்னிடம் தந்துவிட்டார். நான் 'தெரியாது' என்றேன். அங்கே வாங்க ஆளில்லாமல் விலை சரிந்து, விவசாயி கையில் துவரை தேங்கியதைப் பின்னால் செய்திகளில் படித்தேன். நம்மைப் போல வீட்டுக்கு வீடு பருப்பு வைக்கும் நாடு அது இல்லை. விற்காததைத் தின்று தீர்க்கவும் வழியில்லை. உப்புக்கும் பள்ளிக்கூடப் பணத்துக்கும் அடுத்த பருவ விதைக்கும் அந்தத் துவரையை நம்பியிருந்தவர்களுக்கு, ஜனவரிப் பசியில் மாவு வாங்கும் காசும் அதுவேதான்.

நம் விவசாயியைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஆதரவு விலையில் கொள்முதல் செய்வது அரசின் கடமை. அதைச் செய்யாமல், ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் இன்னொரு ஏழை விவசாயியின் தலையில் நஷ்டத்தை இறக்கிவைப்பது நியாயமில்லை. அதே அரசு 2021 மே மாதம் கதவை மறுபடி திறந்தது. மலாவியோடும் ஆண்டுக்கு 50,000 டன் என்று ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த ஒப்பந்தம் 2025-26 வரைக்கும்தான் போடப்பட்டது. ஒப்பந்தம் இல்லாமலும் துவரை இறக்கலாம் என்ற பொது அனுமதியையோ தவணை தவணையாகத்தான் நீட்டித்தார்கள். இதற்கிடையில் 2025 பட்ஜெட்டில், பருப்பில் தன்னிறைவு பெற ஆறு ஆண்டுத் திட்டம் அறிவித்தாகிவிட்டது. தன்னிறைவு வரட்டும், சந்தோஷம். அதுவரை எவ்வளவு வாங்குவோம், வருடா வருடம் எவ்வளவு குறைப்போம் என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிட வேண்டாமா? குறையும் என்று தெரிந்தால் அவர்கள் கடலைக்கோ சோயாவுக்கோ மாறிக்கொள்வார்கள். முலாஞ்சேக்காரர் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, நவம்பர் மழைக்கு முன் ஒரு நேரான பதில்.

இன்னொன்றும் செய்யலாம். எண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்து, தோல் நீக்கி உடைக்கும் தொழில் நம் ஊருக்குக் கைவந்த கலை. மகளிர் குழு நடத்தக்கூடிய சிறு உடைப்பு இயந்திரங்களையும் அதை ஓட்டத் தெரிந்தவர்களையும் இங்கிருந்து அனுப்பலாம். முழுத் துவரை வேக நேரமாகும், விறகு தின்னும். உடைத்த பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். அங்கே வீட்டில் பருப்பு வெந்தால், இந்தியா வாங்காத வருடத்திலும் அந்தத் துவரைக்கு ஒரு வாய் இருக்கும்.

தங்கள் இதழ் டெல்லியில் படிக்கப்படும் இதழ். இறக்குமதி அளவை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்குள், அதுவும் அடுத்த அறுவடைக்கும் சேர்த்து, அறிவிக்க வேண்டும் என்று ஒரு தலையங்கம் எழுதுங்கள். அன்று சல்லடையில் வந்த அந்த மணிகளில் நான்கு இன்னும் என் மேஜை இழுப்பறையில் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. படம் வேண்டுமானால் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பருப்பு மில் கணக்கர் (ஓய்வு),
விருதுநகர்.