செம்பிக்காக விழித்திருந்த ஊருக்கு ஒரு நன்றி மடல்

மண்டைக்காட்டுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட எங்கள் கடற்கரை ஊரின் பெரியோர்களுக்கும், இளைஞர்களுக்கும், அன்றிரவு மழையில் வந்துசேர்ந்த கால்நடை மருத்துவர் அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

கடந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுப் பெண்குதிரை செம்பி வயிற்றுவலியால் துடித்தபோது ஓடிவந்த உங்களுக்கு நான் அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்குப் பேச்சு எழவில்லை. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றபோது, காப்பியைக் கொடுத்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பி என்னை அனுப்பிவிட்டீர்கள். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பிணை இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது என்பது தொழிலாக இருந்து, நாளடைவில் என் குணமாகவே ஆகிவிட்டது. தெய்வத்திடமும் அதே கணக்குத்தான். காரியம் நடந்தால் நேர்ச்சை செலுத்துவேன், நடக்காவிட்டால் கிடையாது. என் தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது, மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்த செம்பியை என் பொறுப்பில் விட்டுச் சென்றான். குதிரைக்கு என்ன பிணை கேட்பது?

குதிரை எனக்கு முதலில் கற்றுத்தந்தது, எதையும் இரண்டாம் முறை பார்க்கும் வழக்கத்தைத்தான். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது அது மூச்சை இழுத்து உடலைப் புடைத்துக்கொள்ளும். பத்தடி நடந்ததும் வார் தளர்ந்துவிடும் என்பதால், ஏறுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும். தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிலும் பார்க்கக்கூடிய அந்த விலங்குக்குத் தன் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது. ஆகவே குரல் கொடுத்தபடி தோள் பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். செம்பி என்னை ஒருநாளும் உதைத்ததில்லை. ஆயினும் நான் இன்றும் குரல் கொடுத்துத்தான் போகிறேன். நம்புகிறவன் சோதித்துப் பார்க்க மாட்டான் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, நம்பிக்கையும் சோதனையும் ஒரே கையால் செய்யும் வேலைகள் என்பது லாயத்தில்தான் புரிந்தது.

இத்தனையும் தெரிந்தவன் செய்த பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தீவனத் தொட்டி உடைந்து இரண்டு மாதமாகியும், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டு, வைக்கோலையும் கொள்ளையும் மணல் தரையிலேயே போட்டுவந்தேன். தரையில் மேயும் குதிரை தீவனத்தோடு மணலையும் விழுங்கும். அந்த மணல் பெருங்குடலில் படிந்து பாரமாகி அடைக்கும். இரைப்பையின் வாய்த்தசை மிகவும் இறுக்கமானது என்பதால் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அன்று இரவு ஒன்பது மணிக்குச் செம்பி முன்னங்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, பிறகு விழுந்து புரண்டது. சுக்கும் பெருங்காயமும் கரைத்து வாயில் ஊற்றலாம் என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. வாய்வழி எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் தொலைபேசியிலேயே தடுத்துவிட்டார். சாலையில் தண்ணீர் நின்றதால் அவருடைய கார் பாதி வழியில் நின்றுபோக, நம் ஊர்த் தம்பி ஒருவர் மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரை இருசக்கர வண்டியில் அழைத்துவந்தார். அந்தத் தம்பியின் பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய தாயார் கேட்டுக்கொண்டார். மழையில் வண்டியோட்டிய செய்தி தந்தைக்குத் தெரியக் கூடாதாம்.

ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். செம்பிக்கு 64. ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, மலத்தை இளக்கும் திரவ பாரஃபினும் தண்ணீரில் கரைத்த இசப்கோலும் ஏற்றிய பிறகு, மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். வலி அடங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. அதற்கு இம்மழையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வெகுதூரம் கொண்டுபோக வேண்டும், பயணத்திலேயே அது விழுந்துவிடவும் கூடும். இங்கேயே வைத்திருந்தால் குடல் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எது சரியென்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றார். என் வாழ்நாளில் எவரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பிணையில்லாத கணக்கை வைத்ததில்லை. இரண்டு மணி நேரம் பொறுப்போம், அதற்குள் இதயத்துடிப்பு குறையாவிட்டால் புறப்படுவோம் என்று முடிவு செய்தோம்.

அந்த இரண்டு மணி நேரமும் உங்களுடையது. கடல் கொந்தளிப்பால் தொழிலுக்குப் போகாத மீனவத் தம்பிகள் முறைவைத்துக் கயிற்றைப் பிடித்து, சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடமான குருசடியின் முன்னுள்ள சிமெண்டுத் தரையில், களைத்துவிடாதபடி செம்பியை மெல்ல நடத்தினீர்கள். ஒருவர் புனித யாக்கோபாகிய சந்தியாகப்பரை வேண்டிக்கொண்டே நடந்தார். அய்யா வைகுண்டரை வழிபடும் நிழல்தாங்கலிலிருந்து வந்த பெரியம்மை, அய்யாவின் தலைமைப்பதியான சாமித்தோப்பின் புனித முத்திரிக் கிணற்று நீரைச் செம்பியின் வாயில் விட விரும்பினார். மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னதும் சற்றும் முகம் கோணாமல், அதை அதன் நெற்றியிலும் கழுத்திலும் தடவிவிட்டு, இரவு முழுவதும் விளக்கைப் பிடித்தபடி நின்றார். எட்டாம் திருநாளில் கலியை அழிக்கும் சடங்கான கலிவேட்டைக்குக் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் அய்யாவையும், கோவில் சுரூபத்தில் குதிரைமேல் அமர்ந்த சந்தியாகப்பரையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. உயிருள்ள குதிரைக்காக அந்த இரண்டு வேண்டுதல்களும் ஒரே கயிற்றின் இருபுறமும் நடந்ததை அன்றுதான் கண்டேன். எவரும் வேண்டுதலை வைத்துவிட்டுக் கையைக் கட்டி நிற்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு வேண்டவும் இல்லை.

பயந்தவன் கயிற்றைப் பிடித்தால் அந்தப் பயம் குதிரைக்கும் தெரியும் என்பதால், ஒரு கட்டத்தில் என்னைக் கயிற்றிலிருந்து விலக்கிவிட்டீர்கள். அதற்கும் நன்றி. அப்போது கோபம் வந்தது உண்மை.

ஒரு மணிக்குத் துடிப்பு 52. நான்கு மணிக்குச் செம்பி லத்தி போட்டது. அத்தனை பேரும் கைதட்டினீர்கள். மருத்துவர் அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் காட்டினார். அடியில் படிந்தது நம் மணவாளக்குறிச்சிக் கரையின் அதே கருமணல்.

இப்போது புதிய தொட்டி இருக்கிறது, அதன் அடியில் ரப்பர் விரிப்பும் இருக்கிறது. மாதத்தில் ஒரு வாரம் இசப்கோல் கொடுக்கிறேன். வாரந்தோறும் வாளிச் சோதனையும் உண்டு. சாமித்தோப்புக்கும் போய்வந்தேன், குருசடியில் மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். இம்முறை எதையும் முன்கூட்டி நேர்ந்துகொள்ளவில்லை, சும்மாதான் போனேன்.

நள்ளிரவில் கடையைத் திறந்து இசப்கோல் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. பதினொரு பொட்டலங்களுக்கான பணம் இன்னும் என் ஏட்டில் பாக்கியாகவே நிற்கிறது. நீங்கள் வாங்க மறுப்பதால் வரும் ஞாயிறு மாலை செம்பியோடு கடைக்கு வருகிறேன்; உங்கள் பேத்தி சவாரி கேட்டிருந்தாள். தலைக்கவசம் நான் கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
செம்பி வீட்டுக்காரன்