அரச காணியில் பன்றி வேட்டை

ஆசிரியர் அவர்கட்கு,

தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் கமக்காரர்களில் நானும் ஒருவன். காட்டுப்பன்றியால் நேரும் அழிவை எவரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதிரில் பால் பிடிக்கும் நாட்களில் ஒரு கூட்டம் ஓர் இரவு இறங்கிவிட்டால், அது தின்பதைக் காட்டிலும் உழக்கி விழுத்துவதே அதிகம். மேட்டுக் காணியில் மரவள்ளியும் கச்சானும் வைத்தவர்களின் நிலை இதனிலும் மோசம். ஆகவே, வயலுக்குள் இறங்கும் பன்றியைக் கொல்லக்கூடாது என்று வாதிட நான் இதை எழுதவில்லை. பயிர்க் காவலின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பயிரே இல்லாத அரச காணிகளில் இறைச்சி விற்பனைக்காக நடக்கும் வேட்டையைப் பற்றியே எழுதுகிறேன்.

குளக்கட்டுக்குப் பின்னாலுள்ள பற்றைக்காட்டிலும், வாய்க்கால் ஒதுக்குக் காணிகளிலும், மேய்ச்சல் தரைகளிலும், விலங்கு தட்டினால் தானாகவே வெடிக்கும் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் வைக்கப்படுகின்றன. இவை எல்லாவற்றிலும் கொடியது, தீனிக்குள் மறைத்து வைக்கப்படும் பன்றி வெடி. செய்திகளில் ‘ஹக்க பட்டாஸ்’ என்று வருவது இதுதான். வயலில் பரண் கட்டிக் காவல் இருப்பவர் தாம் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடுகிறார். பற்றைக்குள் இவற்றை வைப்பவரோ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். பிறகு அந்த வழியால் வருவது பன்றியா, மாடா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்பது அவருக்குத் தெரியாது.

சென்ற பெரும்போகத்தில் என் பட்டியிலிருந்த கறவைப் பசு ஒன்று இப்படியொரு வெடியைக் கடித்தது. தாடை சிதறி, நாக்குக் கிழிந்து, தண்ணீர்கூட இறக்க முடியாமல் மூன்றாம் நாள் செத்தது. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டுச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். கன்று பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்ததை என் வீட்டார் இன்னும் மறக்கவில்லை. வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் பெயரை எழுதுவதற்காக இந்தக் கடிதத்தைத் தொடங்கியிருக்க மாட்டேன்.

காட்டுப்பன்றி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல, ஆகவே அதை எங்கும் எப்படியும் கொல்லலாம் என்ற பேச்சு ஊரில் பரவலாக உள்ளது. இதில் முதற்பாதி உண்மை. பயிரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசிய பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள் அடங்கும் அரச காணியிலும் எந்தக் காட்டு விலங்கையும் வேட்டையாட முடியாது. பன்றியும் அதற்குள் அடக்கம். சேருவில அல்லைச் சரணாலயமும் சோமாவதிய தேசிய பூங்காவின் ஒரு பகுதியும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கட்டுத்துவக்கோ காணி எவருடையதாக இருந்தாலும் சட்டவிரோதமானது.

பன்றிக்கு வைப்பது பன்றியோடு நிற்பதுமில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்ததை நாடே பார்த்தது. வெடியைக் கடித்த யானைக்குட்டிகள் வாய் புண்ணாகி, உண்ண முடியாமல் பல நாள் அலைந்து பட்டினியால் சாகின்றன. பன்றிக் குட்டிகளைப் பிடித்துத் தின்னும் சிறுத்தையையும் நரியையும் இந்தச் சுருக்குகளில் இழந்துகொண்டே, பன்றி பெருகிவிட்டது என்று நாம் முறையிடுகிறோம். ஒரு பெட்டை நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைவான சினைக்காலத்தில் நாலைந்து குட்டிகளை ஈனும் விலங்கு அது.

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் கண்டறியப்பட்ட பின்னர் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. அந்நோய் மனிதருக்குத் தொற்றாது என்றாலும், நோயுற்ற பன்றியின் இரத்தத்திலும் குடலிலும் இறைச்சியிலும் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும். காட்டில் வெட்டி, குடலை அங்கேயே எறிந்துவிட்டு, இறைச்சியை மோட்டார் சைக்கிளில் ஊரூராகக் கொண்டு செல்லும் வழக்கம் வளர்ப்புப் பன்றிகளை வைத்துப் பிழைப்பவர்களுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கமக்காரருக்கு நேர்வழி திறந்திருந்தால்தான் குறுக்குவழியை அடைக்க முடியும் என்பதையும் அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். யுத்த ஆண்டுகளில் எங்கள் கிராமங்களில் அனுமதித் துவக்கு என்பது நினைக்கவே முடியாததாக இருந்தது. இன்று ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் (ஒன்றாகக் கிடக்கும் வயல்களின் தொகுதிக்கும்) பொறுப்பான ஓரிருவருக்காவது, கமக்காரர் அமைப்பின் சிபாரிசோடு, பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கான அனுமதியைத் தாமதமின்றி வழங்கலாம். அதை அந்தக் கண்டத்தின் எல்லைக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனையும் விதிக்கலாம்.

விதைப்புத் தொடங்கும்போது நாங்கள் மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்திப் பற்றைக்காட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அதாவது, வெடியும் சுருக்கும் இருக்கிற அதே இடத்துக்கு நாங்களே அவற்றைச் சாய்த்துச் செல்கிறோம். ஆகவே, போகத்துக்கு முன் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதியையும் மாடுகளை அகற்றும் திகதியையும் தீர்மானிக்கும்போதே, அதற்கு முந்திய வாரத்தில் கிராம உத்தியோகத்தர், பொலிஸார், வனஜீவராசிகள் திணைக்களத்தினர், கமக்காரர் ஆகியோர் சேர்ந்து அந்த அரச காணிகளைச் சோதித்துத் துப்புரவாக்கும் நாளையும் குறிக்குமாறு பிரதேச செயலாளரை உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பற்றையில் எது இருக்கும் என்பது மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். அழைத்தால் வழி காட்ட நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
கமக்காரர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை மாவட்டம்.