அந்தச் சிவப்புக் கோட்டு

பந்தலூர்
ஜூலை முதல் வாரம்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்து ஒன்பது நாளாகிறது. துவைத்தது எதுவும் காயவில்லை; அடுப்படியில் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன், சட்டையெல்லாம் புகை வாடை. போனில் பேசலாம் என்றால் டவர் நிற்பதில்லை, நின்றால் நீ டூட்டியில் இருக்கிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவாள்.

மெல்போர்னில் உங்கள் சபைக்கு அடுத்த மாதம் மிஷன் ஞாயிறு, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை எடுக்கிறார்கள், நீ இந்தப் பக்கத்துப் பையன் என்பதால் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள் என்றாய். லயத்து வரிசை வீடுகளின் படம் இரண்டு மூன்று அனுப்பு, ஒழுகுகிற வீடாக இருந்தால் நல்லது என்றும் சொன்னாய். படம் அனுப்பமாட்டேன் தம்பி. கோபித்துக்கொள்ளாதே. இதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல் போட்டது. நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கணக்கு. அதில் நாங்கள் ஆறு பேர். 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பிறகு லாரியில் இங்கே வந்தோம். எங்களை மாதிரி வந்தவர்களுக்கென்றே அரசாங்கம் 1968-ல் ஆரம்பித்த தோட்டம், அதனால் தாத்தாவுக்கும் ஆத்தாவுக்கும் வந்த வாரமே பெரட்டில், அதாவது வேலையாள் கணக்கில், பெயர் விழுந்துவிட்டது. ஆனால் வீட்டில் கம்பளி கிடையாது. தண்ணீர் பிடிக்க இருந்த ஒரே குடமும் கப்பலில் அடிபட்டு ஓட்டை.

அந்த ஜூன் மழையில் சபைக்கு ஒரு பெரிய மூட்டை வந்தது. வெளிநாட்டில் யாரோ விசுவாசிகள் அனுப்பியது என்றார்கள். கோயில் திண்ணையில் பிரித்துக் கொட்டினார்கள். ஒற்றைக் குதிகால் செருப்பு, ஜோடி இல்லை. சரிகை வைத்த கவுன். கழுத்துப்பட்டி நாலைந்து. எனக்குக் கிடைத்தது ஒரு சிவப்புக் கோட்டு. அந்துருண்டை வாடை. நடுப்பொத்தான் மட்டும் வேறு நிறம், யாரோ மாற்றித் தைத்திருந்தார்கள். கணுக்கால் வரை தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் "துரைசானி வாறா, துரைசானி வாறா" என்று பின்னாலேயே வருவார்கள். உண்மையையும் சொல்ல வேண்டும்: மூன்று மழைக்காலம் அந்தக் கோட்டுதான் என்னைக் காப்பாற்றியது. ஆத்தா என்னமோ வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு குடம் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

காலரின் உள்பக்கத்தில் ஒரு துணிப்பட்டை தைத்திருந்தது. அதில் நூலால் எழுத்து. எனக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்ததும் முதலில் வாசித்தது அதைத்தான். யாரோ ஒரு பெண்பிள்ளையின் பெயர். அவளுக்குக் கடிதம் எழுதணும் என்று ஆத்தாவிடம் அடம்பிடித்தேன். விலாசம் எங்கே என்று கேட்டார். விலாசம் இல்லை.

சரி, இப்போது நாங்கள் செய்த கூத்தையும் கேள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தபிறகுதான் சுனாமியை டிவியில் பார்த்தோம். உனக்கு லேசாக நினைவிருக்கும். மூன்றே நாளில் சபையில் பதினாறு மூட்டை சேர்த்தோம். என்ன மூட்டை தெரியுமா? ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா. நம்மிடம் அதுதானே இருக்கிறது! நாகப்பட்டினத்து வெயிலுக்கு. லாரியோடு போய்வந்தவர்கள், ரோட்டோரம் பழைய துணி மலையாகக் கிடக்கிறது, எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார்கள். அந்த ஜனங்கள் கேட்டது அடுப்பு, பாத்திரம், வலை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டை கட்டியவர்களில் நானும் ஒருத்தி, அந்தக் கோட்டைப் போட்டு வளர்ந்தவள்.

அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தீர்மானம் எழுதினோம்: உடுத்திய துணி வாங்குவதில்லை, கேட்காமல் எதுவும் அனுப்புவதில்லை.

2022-ல் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்றபோது பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், என்ன வேணும் என்று. "பால்மாவும் மருந்தும், வேறொன்றும் வேண்டாம்" என்றார். சபையில் ஏலம் வைத்தோம். ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை, எடுத்தவர் எடுத்தவர் திரும்பக் கொடுக்க, பதினொரு கை மாறியது. (கடைசியாக எடுத்தவர் வீட்டுக்குப் போகிற வழியில் உடைத்துவிட்டார்.) எல்லாம் சேர்த்து 18,450 ரூபாய். ஆடிட்டரிடம் கேட்டால், சபைப் பணத்தை நேராக வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள், வருமான வரி விலக்கு இந்தியாவுக்குள் செய்யும் தர்மத்துக்குத்தான் என்றார். அந்த நேரம் தமிழ்நாடு அரசே இலங்கைக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்தும் அனுப்ப நிதி கேட்டுக்கொண்டிருந்தது. அதில் கட்டினோம். மே 18-ம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியதை டிவியில் காட்டினார்கள். பெண்கள் கை தட்டினார்கள். நான் வந்த கப்பலுக்கு எதிர்த்திசை அது.

உங்கள் சபையில் இதையும் சொல். நாங்கள் வாங்குகிற கை மட்டும் இல்லை. இலங்கைத் தோட்டங்களில் ஊழியம் செய்ய 1854-லேயே திருநெல்வேலிச் சபையிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். அந்த மிஷனுக்கு வைத்த பெயர் தமிழ்க் கூலி மிஷன். பெயரைப் பார். ஆனால் உன் கொள்ளுப்பாட்டி எழுத்துப் படித்தது ஒரு தோட்டத்து உபதேசியாரிடம்தான். 1902-ல், பின்னாளில் பிஷப்பான வேதநாயகம் அசரியா யாழ்ப்பாணம் போனபோது, அங்கேயுள்ள தமிழ்ச் சபையார் தங்கள் கைக்காசில் நம் கரைக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். அவர்களால் முடிகிறது, நம்மால் முடியாதா என்று தோன்றியிருக்கிறது. அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்று, நீங்கள் எவ்வளவோ தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவரும் அவர்தான்.

கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நீ படித்த வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் நம் நாட்டில் இருந்து பார்த்துவிட்டுப் போய், பெண்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று அமெரிக்காவில் கேட்டார். ஷெல் என்பவர் இறந்துபோன மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் நாற்பது படுக்கையோடு திறந்தது. கேட்டது ஆஸ்பத்திரி, வந்ததும் ஆஸ்பத்திரி.

பணத்து விஷயம் ஒன்று, கவனமாகக் கேள். உன் சம்பளத்தில் எனக்கு அனுப்புவது வேறு. அங்கே நாலு பேரிடம் வசூலித்து உன் கணக்கு வழியாக நம் சபைக்கு அனுப்பிவிடாதே. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன்அனுமதியோ உள்ளவர்கள்தான் வெளிநாட்டுக் காணிக்கை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு, வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நம் சபைக்கு அந்தப் பதிவு கிடையாது. நல்லெண்ணத்தில் நீ அனுப்பினாலும் பதில் சொல்வது சபை ஐயரும் நானும். அவர்கள் யார் மூலமாக அனுப்பப்போகிறார்களோ அவர்களிடம் கேட்கச் சொல்: பதிவு இருக்கிறதா, தோட்டத்தில் யாரைக் கேட்டீர்கள், அவர்கள் என்ன வேண்டும் என்றார்கள்?

படத்துக்குப் பதிலாக என்ன காட்டுவது என்று கேட்பாய். நம் பெண்கள் சங்கம் குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது, எல்லாரும் நல்ல புடவையில், பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதை அனுப்புகிறேன். அவர்களிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள்.

பேசி முடித்ததும் யாராவது ஒருவருடைய விலாசம் வாங்கி வா. வீட்டு விலாசம், ஈமெயில் இல்லை. பதில் போட எங்கள் பெண்களுக்கு ஆசை. ஆங்கிலத்தில் நான்தான் எழுதப்போகிறேன். பிழை இருந்தால் நீ கை வைக்காதே, அப்படியே கொடு.

அன்புடன்,
அம்மா