செட் ஆகல

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு

அன்புள்ள சேகர்,

நாலு மாசமாக எழுதவில்லை, தப்புதான். ஆனால் பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு நீயும் இன்னும் பதில் போடவில்லை. இங்கே எல்லோரும் நலம். உன் முறுக்கு டப்பா பத்திரமாக இருக்கிறது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு. "எலும்பை செட் பண்ணியாச்சு, ஆறு வாரம் கட்டு இருக்கட்டும்" என்றார் டாக்டர். மறுநாள் காலை செட் தோசை வாங்கிவந்து பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினார். "இந்த மூணு தோசையும் செட், என் பல்லும் செட், இப்போ கையும் செட்டா? என்னடா வார்த்தை இது?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருளாம்! நாம் தேதி குறிக்கிறோம், அலாரம் வைக்கிறோம், மோதிரத்தில் கல் பதிக்கிறோம். தயிர் உறைகிறது, பொழுது சாய்கிறது. அவர்களுக்கு எல்லாமே செட்.

இதைக் கேள். தோசை செட்டும் கை செட்டும் பிறப்பிலேயே வேறு வேறு. கூட்டம், தொகுதி என்கிற செட், லத்தீன் 'செக்டா' பிரெஞ்சு வழியாக வந்தது. கையில் போட்டது பழைய ஆங்கில 'செட்டன்'. உட்கார வைப்பது என்று அர்த்தம். சிட், செட், நம்ம அமர், அமர்த்து. ஃபால், மரத்தை வெட்டிச் சாய்க்கிற ஃபெல் என்பதும் அப்படித்தான்: வீழ், வீழ்த்து. பம்பர வாத்தியார் தன்வினை, பிறவினை நடத்தியபோது இதைச் சொல்லியிருந்தால் நீகூடத் தூங்கியிருக்க மாட்டாய்.

அப்பாவிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எலும்பை அமர்த்தியிருக்காங்கன்னு சொல்லு." 'செட்டில்' என்பதும் இருக்கை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்றேன். கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "எனக்கு இந்த ஊர் செட் ஆகலடா. கட்டுப் பிரிச்சதும் கொண்டுபோய் விட்டுடு" என்றார்.

அம்மா போனபின் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்லை, சேகர். அல்சூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்தானே, அவருக்கு ஒரு குறையும் இருக்காது என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். கேட்கவே இல்லை. ராத்திரி அவர் எழுந்து ஜன்னலோரம் நிற்பது எனக்குத் தெரியும். நாலாவது மாடி. அங்கிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

தனியாக விடவும் பயமாக இருக்கிறது. சாவி உன் அம்மாவிடம்தானே இருக்கிறது? ஒரு நடை போய்ப் பார். கொல்லைக் குளியலறைத் தரை எப்படி இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தால் அந்தச் சுவர் தாங்குமா, காலையில் வந்து சமைத்துக் கொடுக்க யாராவது கிடைப்பார்களா என்று எழுது. அடுத்த மாசம் 8-ம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் எழுது.

உன்,
ராமு